இரண்டு திரைகள், இரண்டு கடிகாரங்கள்

கணிப்பொறியில் ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் திரையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. அதே படத்தைப் பக்கத்திலுள்ள இரண்டாம் திரைக்கு இழுத்து விடுகிறோம். உடனே படம் விட்டுவிட்டு ஓடத் தொடங்குகிறது. அல்லது குறுக்கே கிழித்தாற்போல மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. அல்லது ஒலி மட்டும் கேட்கிறது, படம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம் தெரிகிறது. வகுப்பறையில் புரொஜெக்டரை இணைத்துப் பாடப் படம் காட்ட முயன்ற ஆசிரியர்கள் பலருக்கு இது பழக்கமான காட்சி. கணிப்பொறியைப் பொறுத்தவரை புரொஜெக்டரும் ஓர் இரண்டாம் திரைதான்.

இத்தகைய வேளையில் குற்றம் இரண்டாம் திரையின் தலையிலேயே விழுகிறது. கருவி பழுதுபார்ப்பவரிடம் போகிறது. அங்கே நன்றாக ஓடுகிறது. திரும்பி வந்தவுடன் மறுபடியும் அதே கோளாறு! இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் ஆசிரியர் படம் காட்டுவதையே விட்டுவிடுகிறார். மாணவர்கள் கரும்பலகையில் வரைந்த அலையோடு மனநிறைவு கொள்ள வேண்டியதாகிறது. உண்மையில், பல சமயங்களில் எந்தக் கருவியிலும் பழுது இருப்பதில்லை. ஒவ்வொரு திரையும் தனக்கென ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டு, அதன் துடிப்புக்கேற்பத் தன் மேலுள்ள படத்தைப் புதுப்பிக்கிறது. ஓடும் படத்துக்கும் ஒரு தனிக் கடிகாரம் உண்டு. இவற்றின் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது கண் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. அந்த எண்களை நிர்ணயித்தவர்கள் யாரும் கணிப்பொறியை மனத்தில் வைத்து நிர்ணயிக்கவில்லை. அவை எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டால், கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் எளிதாகிவிடும்.

24 என்ற எண் வந்த வழி

பேசாப்படக் காலத்தில் ஒளிப்பதிவாளர் கைப்பிடியைச் சுழற்றியே படம் எடுத்தார். வினாடிக்கு 16 படச்சட்டங்கள் என்பது ஒரு வழக்கமே தவிர விதியன்று. கையின் வேகத்தைப் பொறுத்து எண்ணிக்கை கூடும், குறையும். காட்சியைச் சீக்கிரம் முடிக்க விரும்பிய கொட்டகைக்காரர் இன்னும் விரைவாக ஓட்டுவதும் உண்டு. கண் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது. காது பொறுக்குமா? 1926, 1927ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒலியோடு கூடிய படங்கள் வந்தபோது, வேகம் சிறிது மாறினாலும் பாடுபவரின் சுருதி மாறிவிடும் என்பதால், மாறாத வேகம் ஒன்று தேவைப்பட்டது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஒலித்தட்டு முறையில் நிமிடத்துக்கு 90 அடி பிலிம் என்று வைத்துக்கொண்டார்கள். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடி நீளத்துக்கு 16 படச்சட்டங்கள். 90ஐ 16ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 24 வருகிறது. உலகத் திரைப்படங்கள் பெரும்பாலானவற்றை இன்றும் ஆள்வது இந்த எண்தான்.

ஆனால் வினாடிக்கு 24 முறை மட்டும் ஒளி விழுந்து மறைந்தால் திரை சிமிட்டுவது கண்ணுக்குத் தெரியும். ஆகவே கொட்டகைப் புரொஜெக்டரின் சுழலும் மறைப்புத் தகடு ஒவ்வொரு படச்சட்டத்தையும் இருமுறை காட்டியது. படங்கள் 24, ஒளித்துடிப்புகள் 48. இந்த வேறுபாட்டை வாசகர்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். அசைவு தொடர்ச்சியாகத் தெரிய ஓர் எண்ணிக்கை போதும். சிமிட்டல் மறைய அதைவிடப் பெரிய எண்ணிக்கை வேண்டும். முதலாவது படத்தின் வீதம். இரண்டாவது திரையின் புதுப்பிப்பு வீதம். கொட்டகையில் இரண்டாவது முதலாவதைப்போலச் சரியாக இருமடங்கு. அதனால் சிக்கலே எழவில்லை.

மின்நிலையத்தின் கட்டளை

தொலைக்காட்சியில் சிக்கல் எழுந்தது. 1936 நவம்பர் 2ஆம் நாள் லண்டனில் அலெக்சாண்டிரா அரண்மனையிலிருந்து பி.பி.சி. தன் தொலைக்காட்சி ஒளிபரப்பை முறையாகத் தொடங்கியது. பெயர்டின் 240 வரி முறையும் மார்க்கோனி-இ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 வரி முறையும் முதலில் மாறி மாறிப் பயன்பட்டன. 1937 பிப்ரவரியில் பெயர்டின் முறை கைவிடப்பட்டது. வென்ற முறையில் எலெக்ட்ரான் கற்றை முதலில் ஒற்றைப்படை வரிகளையும் அடுத்து இரட்டைப்படை வரிகளையும் வருடியது. ஒவ்வொரு வருடலும் அரைப் படம். வினாடிக்கு 50 அரைப் படங்கள். சேர்த்தால் 25 முழுப் படங்கள். சிமிட்டலும் மறைந்தது, அனுப்ப வேண்டிய செய்தியின் அளவும் பாதியாயிற்று.

ஏன் 50? இங்கிலாந்தின் மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது என்பதுதான் காரணம். அந்நாளைய பெட்டிகளில் திருத்தியும் வடிப்பானும் முழுமையானவை அல்ல. மின்மாற்றியின் காந்தப்புலம் கசிந்து எலெக்ட்ரான் கற்றையைச் சற்றே அசைக்கும். திரையின் வீதமும் மின்னோட்டத்தின் வீதமும் ஒன்றாக இருந்தால் இந்தக் குறை படத்தில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். கண் அதை மறந்துவிடும். வேறாக இருந்தால் நிழல் போன்ற ஒரு பட்டை திரையில் மேலும் கீழுமாக ஊர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் மின்னோட்டம் 60 சுற்றுகள் என்பதால் 1941ஆம் ஆண்டில் அங்கு ஏற்கப்பட்ட 525 வரி முறை 60 அரைப் படங்களைக் கொண்டது. நம் நாடு 50 சுற்று நாடு. 1959இல் டெல்லியிலும் 1975இல் சென்னையிலும் தொலைக்காட்சி வந்தபோது 625 வரிகள், 50 அரைப் படங்கள், 25 முழுப் படங்கள் என்ற ஐரோப்பிய முறையே வந்தது. மின்நிலையத்தில் சுழலும் மின்னியற்றி நம் வரவேற்பறையில் ஓடும் படத்தின் வேகத்தைத் தீர்மானித்தது என்றால் மிகையாகாது.

இனி 24 படச்சட்டத் திரைப்படத்தை இந்தப் பெட்டிகளில் எப்படிக் காட்டுவது? ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் சற்று வேகமாக, வினாடிக்கு 25 என்று ஓட்டிவிட்டார்கள். 2 மணி நேரப் படம் 115 நிமிடம் 12 வினாடியில் முடிந்துவிடும். பாடலின் சுருதியும் சிறிது உயரும். (கொட்டகையில் கேட்ட பாட்டு தொலைக்காட்சியில் சற்று மெல்லிய குரலில் கேட்பதாகச் சொன்னவர்களின் காது பொய் சொல்லவில்லை.) அமெரிக்காவில் 24ஐ 30 ஆக்குவது அத்தனை எளிதன்று. அங்கே ஒரு படச்சட்டத்தை 3 அரைப் படங்களுக்கும் அடுத்ததை 2 அரைப் படங்களுக்கும் நிறுத்திக் காட்டினார்கள். 3, 2, 3, 2 என்று நொண்டி நடைபோல. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும் காட்சிகளில் இந்த நொண்டல் தெரியும். ஒரு வீதத்தை அதன் முழு மடங்கல்லாத இன்னொரு வீதத்தில் திணித்தால் என்னவாகும் என்பதற்கு இதுவே முன்னோடி எடுத்துக்காட்டு.

0.06 என்ற சிறு குறை

1953 டிசம்பரில் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சி முறையை ஏற்றது. கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்த லட்சக்கணக்கானவர்களைத் தூக்கி எறியச் சொல்ல முடியாது. எனவே பழைய அலையிலேயே நிறத்துக்கென ஒரு துணை ஊர்தி அலை சேர்க்கப்பட்டது. படத்தின் ஊர்தி அலைக்கு மேலே 4.5 மெகாஹெர்ட்ஸ் தொலைவில் ஏற்கெனவே ஒலியின் ஊர்தி அலை இருந்தது. நிறமும் ஒலியும் கலந்து உண்டாக்கும் வேறுபாட்டு அதிர்வெண் திரையில் புள்ளிக் கோலமாகத் தெரியும். அதை மறைக்க வேண்டுமானால் ஒலியின் அதிர்வெண்ணும் வரியின் அதிர்வெண்ணும் முழு மடங்காக அமைய வேண்டும். ஒலியை நகர்த்தினால் பழைய பெட்டிகளில் ஒலி கெட்டுப்போகலாம். ஆகவே வரியை நகர்த்தினார்கள். 4.5 மெகாஹெர்ட்ஸை 286ஆல் வகுத்தால் வினாடிக்கு 15,734 வரிகளுக்குச் சற்று மேல். முன்பு இருந்தது 15,750. இதனால் அரைப் படங்களின் எண்ணிக்கை 60 அன்று, 59.94 ஆயிற்று.

வேறுபாடு 0.06. வினாடியில் இது தெரியவே தெரியாது. ஆனால் 1ஐ 0.06ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 16.7 வரும். அதாவது 60 வீதத்தில் துடிக்கும் ஒன்றும் 59.94 வீதத்தில் துடிக்கும் மற்றொன்றும் சுமார் 16.7 வினாடிக்கு ஒரு முறை, ஒரு முழுத் துடிப்பு பிசகும். இசைக்கவைகள் இரண்டை மீட்டி விம்மல்களை எண்ணிய மாணவர்களுக்கு இது புதிதன்று. 256 ஹெர்ட்ஸும் 258 ஹெர்ட்ஸும் வினாடிக்கு 2 விம்மல் தருகின்றன, 60ம் 59.94ம் 16.7 வினாடிக்கு ஒரு விம்மல் தருகின்றன. அவ்வளவுதான். அந்த வல்லுநர்கள் செய்தது அக்காலத்துக்குச் சரியான செயல் என்றே நான் கருதுகிறேன். பழைய பெட்டி வைத்திருந்த ஏழைக் குடும்பமும் புதிய ஒளிபரப்பைப் பார்த்தது. விலையைப் பின்னால் வந்தவர்கள் கொடுக்கிறோம்.

1981இலேயே இரு திரைகள்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் தாய்ப்பலகையில் இருந்த படிகத்தின் அதிர்வெண் 14.318 மெகாஹெர்ட்ஸ். இது அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிறத் துணை ஊர்தி அலையைப்போலச் சரியாக 4 மடங்கு! ஒரே படிகத்தைக் கொண்டு தொலைக்காட்சிக்கு ஏற்ற குறியலையையும் உண்டாக்கலாம், செயலியையும் இயக்கலாம் என்பது சிக்கனம். படிகத்தின் அதிர்வெண்ணில் மூன்றில் ஒரு பங்கான 4.77 மெகாஹெர்ட்ஸில் செயலி ஓடியது.

அந்தக் கணிப்பொறிக்கு இருவகைத் திரை அட்டைகள் விற்கப்பட்டன. எழுத்துகளுக்கென்று ஒன்று, அதன் பச்சைத் திரை ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில் புதுப்பிக்கப்பட்டது. சிமிட்டல் தெரியாதபடி, ஒளிர்வு மெதுவாக மறையும் பூச்சு அதன் திரையில் இருந்தது. வண்ணப் படங்களுக்கென்று மற்றொன்று. அது ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸ். இரண்டு அட்டைகளும் நினைவகத்தின் வெவ்வேறு முகவரிகளைப் பயன்படுத்தியதால் ஒரே கணிப்பொறியில் இரண்டையும் செருகி, இரு திரைகளையும் ஒருங்கே இயக்க முடிந்தது. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கேட்டு நிரலில் ஒரு திரையில் எண்களையும் மறு திரையில் வரைபடத்தையும் காணலாம். ஆக, இரட்டைத் திரை பிறந்த அன்றே அதன் இரண்டு கடிகாரங்களும் வேறு வேறாகத்தான் இருந்தன. அசையாத எண்களையும் வரைபடங்களையும் காட்டியதால் யாருக்கும் அது உறைக்கவில்லை.

1987இல் வந்த வி.ஜி.ஏ. முறையில் 640க்கு 480 புள்ளிகள் கொண்ட படத்துக்குப் புள்ளிக் கடிகாரம் 25.175 மெகாஹெர்ட்ஸ். காணாத ஓரங்களையும் சேர்த்தால் வரிக்கு 800 புள்ளிகள், படத்துக்கு 525 வரிகள். வகுத்துப் பார்த்தால் மீண்டும் 59.94! தொலைக்காட்சியின் 525 வரிகளும் அப்படியே. 1953ஆம் ஆண்டின் புள்ளிக் கோலத்தைத் தவிர்க்கச் செய்த திருத்தம் இவ்வாறு அலுவலக மேசை வரை வந்து சேர்ந்தது. அதே 1987இல் வெளிவந்த மாக்கின்டாஷ் 2 பல திரைகளை ஒரே விரிந்த மேசைபோல நடத்த வல்லது; சுட்டியை ஒரு திரையின் விளிம்பைத் தாண்டி அடுத்த திரைக்குக் கொண்டுபோகலாம். பரவலான மக்களுக்கு இந்த வசதி விண்டோஸ் 98 வழியாகக் கிடைத்தது. அது 9 திரைகள் வரை ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஒரே அட்டையில் இரு திரைகளை இணைக்கும் மாட்ராக்ஸ் ஜி400 போன்ற அட்டைகள் 1999இல் வந்த பின் இரண்டாம் திரை சாமானியருக்கும் எட்டியது.

நிறத்தை நம்பி ஏமாந்த திரை

இதற்குள் கணிப்பொறியில் படம் பார்க்கும் பழக்கமும் தொடங்கிவிட்டது. 1993இல் வரையறுக்கப்பட்ட வீடியோ சி.டி.யை நம் ஊர்களில் அறியாதவர் இல்லை. அதில் நம் நாட்டு முறைப்படியான படம் 352க்கு 288 புள்ளிகள், வினாடிக்கு 25 படச்சட்டங்கள். அதை 1024க்கு 768 புள்ளிகள் கொண்ட திரை முழுவதும் விரித்துக் காட்ட வினாடிக்கு 1.97 கோடி புள்ளிகளைக் கணக்கிட வேண்டும். மேலும் சி.டி.யில் நிறம் தொலைக்காட்சி வழக்கப்படி ஒளிர்வு, நிற வேறுபாடு என்று பிரித்து எழுதப்பட்டிருக்கும். திரைக்கோ சிவப்பு, பச்சை, நீலம் வேண்டும். அந்நாளைய செயலிகளுக்கு இது பெரும் சுமை.

எனவே திரை அட்டை செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். படம் இருக்க வேண்டிய கட்டத்தில் நிரல் ஒரே நிறத்தை, கருஞ்சிவப்பையோ கருமைக்கு நெருங்கிய ஒரு நிறத்தையோ, பூசி வைக்கும். அட்டையிலுள்ள ஒரு தனிச் சுற்று, திரைக்குப் புள்ளிகளை அனுப்பும் கடைசி நொடியில், அந்தக் குறிப்பிட்ட நிறம் வரும் இடங்களில் மட்டும் படத்தின் புள்ளிகளை விரித்து, நிறம் மாற்றி, செருகிவிடும். திரைச்சீலைக்குப் பின்னிருந்து பாடுபவர் பாட, முன்னால் நிற்பவர் வாயசைப்பதைப் போன்றது இது. நினைவகத்தில் படம் கிடையாது. கட்டம் மட்டுமே உண்டு. அதனால்தான் அக்காலத்தில் ஓடும் படத்தைத் திரைப்பிடிப்புச் செய்தால் வெறும் கட்டம் மட்டும் கிடைத்தது.

பல அட்டைகளில் இந்தச் சுற்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது முதல் திரையின் பாதையில் பொருத்தப்பட்டிருந்தது. படத்தை இரண்டாம் திரைக்கு இழுத்தால், அங்கே மாற்றிச் செருக ஆளில்லை. பூசிய நிறம் பூசியபடியே தெரிந்தது. முன்பு சொன்ன கறுப்புக் கட்டத்தின் முதல் காரணம் இதுவே. எந்தத் திரை ‘முதன்மைத் திரை’ என்ற அமைப்பை மாற்றிவிட்டால் படம் வந்துவிடும், ஆனால் அடுத்த திரையில் போய்விடும்! வன்பொருள் முடுக்கத்தை நிறுத்திவிட்டால் செயலியே எல்லாவற்றையும் வரையும். படம் தெரியும், ஆனால் தடுமாறும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பழுதுபார்ப்போர் சொன்ன அறிவுரைகள் பெரும்பாலும் இவ்விரண்டே. இன்றும் பலர் காரணம் தெரியாமலே இவற்றைச் செய்து பார்க்கிறார்கள்.

2001இல் வந்த மாக் ஓ.எஸ். எக்ஸ் முறையிலும் 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலும் நிலைமை மாறியது. ஒவ்வொரு சாளரமும் நினைவகத்தில் தனித்தாளில் வரையப்பட்டு, பிறகு எல்லாத் தாள்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்க்கப்பட்டன. கட்டத்தில் நிறம் பூசும் தந்திரத்துக்கு இனித் தேவை குறைந்தது. ஆனால் இப்போது வேறொரு வினா. தாள்களை அடுக்கிச் சேர்ப்பவர் எந்தத் திரையின் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்வது?

விம்மல் எங்கே தெரிகிறது

திரை ஒருமுறை மேலிருந்து கீழ் வரை வருடி முடித்து, அடுத்ததைத் தொடங்குமுன் உள்ள சிறு இடைவெளியில் புதிய படத்தை மாற்றிவிட வேண்டும். வருடும்போது நடுவில் மாற்றினால் மேற்பாதி பழைய படம், கீழ்ப்பாதி புதிய படம் என்று கிழிசல் தெரியும். இரு திரைகளின் இடைவெளிகள் ஒரே கணத்தில் வருவதில்லை. முதல் திரையின் இடைவெளிக்குக் காத்திருந்து மாற்றினால் இரண்டாம் திரை எந்த இடத்தை வருடிக்கொண்டிருக்குமோ சொல்ல முடியாது. இரண்டும் ‘60 ஹெர்ட்ஸ்’ என்றே பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், ஒன்று உண்மையில் 60 ஆகவும் மற்றது 59.94 ஆகவும் இருக்கலாம். கிழிசல் கோடு திரையில் மெதுவாக ஊர்ந்து, சுமார் 16.7 வினாடியில் ஒரு சுற்று முடிக்கும். பழைய தொலைக்காட்சியில் ஊர்ந்த நிழற்பட்டைக்கும் இதற்கும் இயற்பியலில் வேறுபாடே இல்லை.

எலெக்ட்ரான் கற்றைத் திரைகளின் இறுதிக் காலத்தில் சிமிட்டலைக் குறைக்க 75, 85 ஹெர்ட்ஸ் என்று வீதத்தை உயர்த்தினார்கள். தட்டைத் திரைகள் வந்ததும் மீண்டும் 60. பின்னர் விளையாட்டுப் பிரியர்களுக்காக 120, 144 ஹெர்ட்ஸ் திரைகள் வந்தன. புதிய 144 ஹெர்ட்ஸ் திரையை வாங்கியவர் பழைய 60 ஹெர்ட்ஸ் திரையை எறிந்துவிடுவதில்லை. பக்கத்தில் வைத்து அதில் படம் ஓட்டுகிறார். 144ஐ 60ஆல் வகுத்தால் 2.4. முழு எண்ணன்று. விண்டோஸ் 10இன் முந்தைய பதிப்புகளில் இப்படிப்பட்ட இணைப்பில், இரண்டாம் திரையில் படம் ஓடினால் முதல் திரையின் அசைவும் சேர்ந்து தடுமாறியது. 2020 மே மாதத்தில் வெளியான பதிப்பு ஒவ்வொரு திரையையும் அதன் வீதத்திலேயே நடத்த முயன்றதால் இத்தொல்லை பெருமளவு குறைந்தது. லினக்ஸில் பழைய எக்ஸ் முறை எல்லாத் திரைகளையும் ஒரே பெரிய பரப்பாகக் கருதியது. 2008இல் தொடங்கப்பட்ட வேலண்டு முறையில் ஒவ்வொரு திரைக்கும் தனி நேரக் கணக்கு உண்டு.

பூட்டு

கறுப்புக் கட்டத்துக்கு இரண்டாவது காரணம் இயற்பியலன்று, வணிகம். எண்முறை இணைப்பான டி.வி.ஐ. 1999இலும் எச்.டி.எம்.ஐ. 2002இலும் வந்தன. கம்பியில் ஓடும் தூய எண்முறைப் படத்தைப் பிறர் நகலெடுத்துவிடுவார்கள் என்று படநிறுவனங்கள் அஞ்சின. இதற்காக இன்டெல் நிறுவனம் வகுத்ததே எச்.டி.சி.பி. என்னும் பூட்டு. படத்தை அனுப்பும் கருவியும் வாங்கும் திரையும் தொடக்கத்தில் இரகசிய எண்களைப் பரிமாறி ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். இடையிலுள்ள பிரிப்பான் பெட்டியும் இதில் அடக்கம். ஒருவர் தலையசைக்காவிட்டாலும் பூட்டிய படம் வராது. 2010இல் இதன் முதற்பதிப்பின் தலைமைத் திறவுகோலே வெளியாகிவிட்டது. எனவே திருட விரும்பியவரை இது எவ்வளவு தடுத்தது என்பது ஐயத்துக்குரியது. பழைய புரொஜெக்டரில், வி.ஜி.ஏ. மாற்றியின் வழியாக, விலை கொடுத்து வாங்கிய படத்தைக் காட்ட முயன்ற ஆசிரியரை இது நன்றாகவே தடுத்தது. வி.ஜி.ஏ. கம்பியில் இந்தப் பூட்டுக்கு இடமே இல்லை.

கைக்கடிகாரம் கொண்டு கோளாறு அறிதல்

மேற்கண்டவற்றைக் கொண்டு கோளாற்றைப் பிரித்தறிய முடியும். சோதனைக்கு மிகச் சிறந்த காட்சி, திரைப்படத்தின் முடிவில் மேலேறிச் செல்லும் பெயர்ப்பட்டியல். சீரான வேகத்தில் செல்லும் எழுத்துகளில் சிறு தடுமாற்றமும் தெரியும். பட்டியல் நன்றாக ஏறிச்சென்று, 16, 17 வினாடிக்கு ஒருமுறை மட்டும் ஒரு துள்ளல் வந்தால், படம் 59.94 குடும்பத்தது, திரை 60. (இன்றைய திரைப்படக் கோப்புகள் பலவற்றில் 24 என்பது 23.976 ஆகவே இருக்கும். அதை இரண்டரை மடங்காக்கினால் 59.94.) எழுத்துகள் இடைவிடாமல் நடுங்கினால், படத்தின் வீதம் திரையின் வீதத்தில் முழு எண்ணாக அடங்கவில்லை. நம் நாட்டுத் தொலைக்காட்சிப் பதிவுகள் 25 வீதம். 60 ஹெர்ட்ஸ் திரையில் அவற்றின் படச்சட்டங்கள் 2, 2, 3, 2, 3 துடிப்புகள் என்று நிற்கின்றன. வினாடிக்கு 5 முறை இந்த நொண்டல் திரும்பத் திரும்ப வருகிறது. பழைய நிகழ்ச்சிகளைக் கணிப்பொறியில் பார்க்கும்போது அசைவு சரியில்லை என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பதிவு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

துள்ளலுக்கு எந்தக் கால ஒழுங்கும் இல்லை, நினைத்தபோதெல்லாம் நின்று ஓடுகிறது என்றால் கடிகாரங்களை விட்டுவிட்டுப் பாதையை ஆராய வேண்டும். யூ.எஸ்.பி. வழியாகத் திரையை இணைக்கும் சில பெட்டிகளுக்குச் செயலியே படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. செயலி களைத்தால் படம் நிற்கும். 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட புதிய திரையை 2009ஆம் ஆண்டின் எச்.டி.எம்.ஐ. 1.4 முறைத் துளையில் செருகினால் வினாடிக்கு 30 படங்களே போகும். 60 படங்களுக்கு 594 மெகாஹெர்ட்ஸ் புள்ளிக் கடிகாரம் வேண்டும். அந்த முறையின் உச்சம் 340. இதை யாரும் எச்சரிப்பதில்லை. சுட்டியின் அம்பு கனமாக நகர்வதே அடையாளம். ஒலி மட்டும் போய்விட்டால், கணிப்பொறி அதை ஒலிபெருக்கி இல்லாத இரண்டாம் திரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கக் கூடும். ஒலி வெளியீட்டை மாற்றினால் போதும்.

படமே கறுப்பு என்றால், உங்களிடமுள்ள, நீங்களே எடுத்த ஒரு படத்தை அதே நிரலில், அதே திரையில் ஓட்டிப் பாருங்கள். அது தெரிந்தால் தடை பூட்டினுடையது. திரைகளை ‘நகல்’ முறையில் வைக்காமல் ‘நீட்டிப்பு’ முறையில் வைத்தும், மாற்றியை நீக்கி நேரே எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகியும் பார்க்கலாம். அதுவும் தெரியாவிட்டால் வன்பொருள் முடுக்கத்தை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அப்போது தெரிந்தால், திரை அட்டையின் இயக்கு நிரலைப் புதுப்பித்த பிறகு முடுக்கத்தை மறுபடி இயக்கிவிட வேண்டும். நிறுத்தியே விட்டுவிடுவது காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பது போலாகும்.

கடிகாரச் சண்டையை அடியோடு தீர்க்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. 2013இல் என்விடியா நிறுவனம் அறிவித்த ஜி-சிங்க் முறையிலும், 2014இல் டிஸ்ப்ளேபோர்ட் தரத்தில் சேர்க்கப்பட்ட மாறுவீத முறையிலும் திரை தன் துடிப்பை விட்டுக்கொடுத்து, படம் வரும்வரை காத்திருந்து புதுப்பிக்கிறது. முதல் திரையில் முழுத்திரையாக ஓடும் விளையாட்டுக்கு இது மிக நன்று. இரண்டாம் திரையின் ஒரு மூலையில் சிறு சாளரத்தில் ஓடும் படத்துக்கோ இதனால் பெரும்பாலும் பயனில்லை. அங்கே அதே திரையைக் கடிதமும் கணக்கும் பங்கிட்டுக்கொள்கின்றன.

எனவே வீதங்களைக் கையால் பொருத்துவதே இன்றும் எளிய வழி. இரு திரைகளையும் இயன்றவரை ஒரே வீதத்திலோ, 60க்கு 120 என்பதுபோல முழு மடங்கிலோ வைக்கலாம். திரை அமைப்புகளின் பட்டியலைத் திறந்தால் பல திரைகளில் 59.94 என்றும் 60 என்றும் தனித்தனி வரிகள் இருப்பதைக் காணலாம். திரைப்படக் கோப்புகளுக்கு முன்னதைத் தேர்ந்தெடுக்கவும். அதே பட்டியலில் 50 என்ற வரியும் இருந்தால் நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சிப் பதிவுகளுக்கு அதுவே ஏற்றது.